பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறான் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 9 வயது. மன்னார்குடியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வாய்ப்பேச்சில் படு சூட்டிகை. அவன் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்தால் 200 ரூபாய்க்கு மீதி பிசகாமல் எண்ணிக் கொடுப்பான். வாசிக்கச் சொன்னால் தமிழ் தடுக்குகிறது, இங்கிலீஷ் சுத்தமாக வரவில்லை. டிக்டேஷன் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வகுப்பு டீச்சர் ‘ஸ்லோ லேனர்’ என்கிறார். என் கணவர் ‘சோம்பேறித்தனம், ரெண்டு போட்டால் சரியாகும்’ என்கிறார். மாமியாரோ ‘அவன் அப்பனும் எட்டாம் கிளாஸோட நின்னவன்தானே’ என்கிறார். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்று ஒருவர் சொல்லி, சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிறார். இது நோயா? மருந்து உண்டா? தமிழ் மீடியத்துக்கு மாற்றலாமா? சான்றிதழ் வாங்கினால் பின்னால் அவனுக்கே பாதகமாகுமா? யூகேஜி படிக்கும் மகளுக்கும் இது வருமா?

பதில்: உங்கள் கேள்விகளைவிட அந்த டிக்டேஷன் நோட்டின் படம் அதிகம் சொல்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

டீச்சர் சொன்ன சொல்லும் அவன் எழுதியதும் இவை: நாற்று – நத்து. வாழைப்பழம் – வாளபளம். வாய்க்கால் – வாய்கல். கொடி – கெடி. போகிறான் – பெகிறன். பட்டம் – படம். கீழே சிவப்பு மையில் ‘தலா 10 முறை எழுதி வா’.

இந்தத் தப்புகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. இரண்டு கூறாகப் பிரிக்கலாம். ‘வாழைப்பழம்’ என்பதில் ழ போய் ள வந்தது, ஐ ஒலி போய் அ ஆனது, ‘நாற்று’ என்பதில் ற்று போய் த்து வந்தது ஆகிய மூன்றும் நம் ஊர்ப் பேச்சு. நடவுக்காலத்தில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை வயலில் யாரும் ‘நாற்று’ என்று சொல்வதில்லை, ‘நாத்து’தான். பிள்ளை காதில் கேட்டதை எழுதுகிறான். ல-ள-ழ, ர-ற, ன-ண குழப்பத்தை மட்டும் வைத்து யாராவது கற்றல் குறைபாடு என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கணக்கில் பார்த்தால் பாதி டெல்டாவுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது கூறுதான் கவனிக்க வேண்டியது. ‘நாத்து’ என்று எழுதியிருந்தால் கவலை இல்லை. ‘நத்து’ என்று கால் விழுந்துவிட்டது. ‘வாய்க்கால்’ என்பதில் க் போய், காலும் போய்விட்டது. ‘பட்டம்’ என்பதில் ட் இல்லை. ‘கொடி’யில் கொம்பு வந்தது, பின்னால் வரும் கால் வரவில்லை. ‘போகிறான்’ என்பதில் இரட்டைக் கொம்பு ஒற்றையாகி, இரண்டு இடத்தில் கால் போயிருக்கிறது. குறில்-நெடில், ஒற்று, எழுத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும் குறி ஆகிய மூன்று இடங்களில் அவன் தடுக்குகிறான். இது சோம்பேறித்தனத்தின் தடம் இல்லை. சோம்பேறியாக எழுதுகிறவன் சொல்லை முடிக்காமல் விடுவான், கோணல்மாணலாகக் கிறுக்குவான். தப்பு இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழாது.

இதனால்தான் 10 முறை எழுதும் தண்டனை வேலைக்கு ஆகாது. ‘வாய்கல்’ என்று எழுதுகிறவன் 10 முறையும் ‘வாய்கல்’ என்றே எழுதி அந்தத் தப்பை உறுதிப்படுத்திக்கொள்வான். சரியான சொல்லைப் பார்த்து எழுதினாலும் படத்தைப் பார்த்து வரைவது போல வரைவானே தவிர, அந்தக் கால் எந்த ஒலிக்காக நிற்கிறது என்று மூளைக்குப் போகாது.

கற்றல் குறைபாடு என்று சொல்வதற்கு முன்னால் விலக்க வேண்டியவை சில உண்டு. கண் பரிசோதனை கட்டாயம். காதும் அப்படியே. ஆற்றிலும் குளத்திலும் விழுந்து குளிக்கிற பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வந்து, பஞ்சு வைத்து, தானே நின்றுபோகும்; வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேட்கும் திறன் சற்றுக் குறைந்தே இருக்கும். எதிரில் பேசுவது விளங்கும், கடைசி பெஞ்சில் ஒற்றெழுத்து விளங்காது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் பார்க்கலாம். தூக்கம் எத்தனை மணி நேரம் என்பதும் கணக்கில் சேரும். பள்ளி வேனுக்குக் காலை 7 மணிக்கு நின்று, மாலை 5:30க்கு இறங்கி, 8 மணி வரை டியூஷனில் இருக்கும் பிள்ளைக்கு வாசிப்பு தடுக்குவதில் களைப்புக்கும் பங்கு உண்டு.

‘ஸ்லோ லேனர்’ என்ற பெயர் இங்கே பொருந்துவதாகத் தெரியவில்லை. அந்தச் சொல் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சுமார் 70க்கும் 85க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகளைக் குறிக்கப் புழங்குகிறது. 70க்குக் கீழே போனால், அன்றாட வேலைகளிலும் தடுமாற்றம் இருந்தால், அது அறிவுசார் குறைபாடு. இவர்களுக்கு வாசிப்பு மட்டுமல்லாமல், வாயால் சொல்லிக் கொடுப்பதும், கடைக் கணக்கும், புது விளையாட்டின் விதியும் எல்லாமே மெதுவாகத்தான் ஏறும். உங்கள் மகன் மீதி எண்ணுகிறான், பேச்சில் கெட்டி. ஒரு மூலையில் மட்டும் பள்ளமும் மற்ற இடமெல்லாம் மேடுமாக இருப்பதுதான் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டின் அடையாளம்.

அதிலும் வகை உண்டு. வகையைத் தெரிந்துகொள்வது பெயர் சூட்ட அல்ல, எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்ய. ஓய்வான ஒரு ஞாயிறு காலையில், சாப்பிட்ட பிறகு, கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். பரீட்சை என்று சொல்லாதீர்கள். தாளில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

முதலில் எழுத்தே இல்லாமல், காதால். ‘கடல் என்பதில் க-வை எடுத்துவிட்டால் மீதி என்ன?’ ‘டல்’ என்று சொல்ல வேண்டும். ‘லை-த, இதைத் திருப்பினால் என்ன சொல்?’ தலை. இன்னும் கடினம்: ‘பால் என்பதில் முதல் ஒலி ப் மட்டும் போனால்?’ ஆல். ‘ம்… ஆ… ன்… சேர்த்துச் சொல்’. ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்து கேளுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை பெரும்பாலும் சொல்லிவிட வேண்டும். இங்கே தடுக்கினால் கோளாறு கண்ணிலோ கையிலோ இல்லை. ஒலியை உடைத்துச் சேர்ப்பதில் இருக்கிறது. டிஸ்லெக்ஸியாவின் வேர் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து வேகம். மாடு, மரம், வீடு, பானை, கோழி என்று ஐந்து படங்களை மாற்றி மாற்றி 6 வரிசையில் 30 வரைந்துகொள்ளுங்கள். இடமிருந்து வலமாக மடமடவென்று பெயர் சொல்லச் சொல்லி, போனில் நேரம் பாருங்கள். அவன் வயதுப் பிள்ளை இன்னொருவனையும் சொல்லச் சொல்லி ஒப்பிடுங்கள். தெரிந்த பெயரே வாயில் வரத் தாமதமானால் வாசிப்பும் சரளமாகாது. எழுத்தெல்லாம் கற்ற பிறகும் அந்த மந்தம் மிஞ்சும்.

மூன்றாவது எழுத்து. ‘அ ஆ இ ஈ’ என்று பாட்டாகச் சொல்வதை விட்டுவிடுங்கள், அது வாய்ப்பாடம். 12 உயிரையும் 18 அகர வரிசையையும் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பாட்டில் தடையில்லாமல் வரும் பிள்ளை தனியாக ‘ங’வைக் காட்டினால் முழிப்பது அடிக்கடி நடக்கும். பிறகு கொம்பு, கால், சுழி எல்லாம் சேர்ந்த எழுத்துகள். கடைசியாக, பொருளே இல்லாத சொற்கள்: டமிகு, பேநசு, கொலாமை, மூட்டறி. இதுதான் உண்மையான உரைகல். பாடப்புத்தகத்தில் படத்தைப் பார்த்தும், வகுப்பில் கேட்டதை நினைவு வைத்தும் ஒரு பிள்ளை வருஷக்கணக்காக வாசிப்பது போல நடித்துவிட முடியும். ‘பேநசு’வை யாரும் நினைவு வைத்திருக்க முடியாது.

நான்காவது புரிதல். அவன் வயதுக் கதை ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி நான்கு கேள்வி கேளுங்கள். அதே அளவுள்ள இன்னொரு கதையை அவனையே வாசிக்கவிட்டு நான்கு கேள்வி. கேட்டால் விளங்குகிறது, வாசித்தால் விளங்கவில்லை என்றால் எழுத்தை ஒலியாக்குவதிலேயே மூளையின் பலம் செலவாகிவிடுகிறது. இரண்டிலும் விளங்கவில்லை என்றால் மொழி வளர்ச்சியையே பரிசோதிக்க வேண்டும். அதற்கு வேறு வழி, பேச்சு மொழிப் பயிற்சியாளர்.

ஐந்தாவது, கை. 10 சொல் டிக்டேஷன் கொடுங்கள், அதே சொற்களைப் பார்த்தும் எழுதச் சொல்லுங்கள். சொல்லி எழுதுவதில் மட்டும் தப்பு என்றால் எழுத்துக் கூட்டலில் சிக்கல். பார்த்து எழுதுவதும் மெதுவாக, கோட்டில் நிற்காமல், அழுத்தி அழுத்தி, கை வலிக்கிறது என்ற முனகலோடு வந்தால், வாயால் மட்டும் எழுத்துக்கூட்டிச் சரியாகச் சொன்னால், அது டிஸ்கிராஃபியா என்னும் எழுதுவதில் வரும் குறைபாட்டின் பக்கம். நம் எழுத்தில் ஞ, ண, ஜ, ணை போன்றவற்றில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் இந்தப் பிள்ளைகள் அதில் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டைப் பொத்தான், செருப்பு வார், சைக்கிள் எல்லாவற்றிலும் தடுமாற்றம் என்றால் உடல் இயக்கத்தை ஒழுங்குபடுத்துவதில் சிரமம், டிஸ்ப்ராக்ஸியா என்பார்கள்.

டிஸ்கால்குலியா என்னும் கணக்குக் குறைபாடு உங்கள் மகனுக்கு இருக்க வாய்ப்பு குறைவு. மீதி எண்ணுவதே சாட்சி. ஆனாலும் வேறு வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் நம்மில் அதிகம் தவறவிடுகிறோம். ‘அவளுக்குக் கணக்கு வராது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். தட்டில் போட்ட நாலு புளியங்கொட்டையை எண்ணாமல் ‘நாலு’ என்று சொல்ல முடியாமல் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவது, 7 பெரிதா 9 பெரிதா என்பதற்கு விரலை விரிப்பது, 20லிருந்து பின்னோக்கி எண்ணும்போது நடுவில் தொலைந்துபோவது, நூற்றி ஐந்தை 1005 என்று எழுதுவது, மணி பார்க்கத் திணறுவது ஆகியவை அதன் குறிகள். தமிழ் எண்ணுப்பெயரில் ஒரு சிறப்புச் சங்கடமும் இருக்கிறது. எட்டு, எண்பது, எண்ணூறு என்று போகும் வரிசை ஒன்பதில் முறிந்து ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஆகிறது. தொண்ணூறில் ‘நூறு’ கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ கேட்கிறது. நல்ல பிள்ளைகளும் கொஞ்ச நாள் இடறும் இடம் இது. டிஸ்கால்குலியா உள்ள பிள்ளை அதில் வருஷக்கணக்காக நிற்கும். வாக்கியக் கணக்கில் மட்டும் தப்பு என்றால் அவசரப்படாதீர்கள். கணக்கை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். விடை வந்துவிட்டால் கோளாறு வாசிப்பில்.

ஐந்து நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காத, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிற பிள்ளைக்குக் கவனக்குறைபாடு தனியாகவோ இவற்றோடு சேர்ந்தோ இருக்கலாம். அதற்கு மட்டும் மனநல அல்லது குழந்தைகள் நல மருத்துவர் பார்த்து மருந்து தருவது உண்டு.

நீங்கள் எழுதியதையும் நோட்டையும் வைத்துப் பார்த்தால் டிஸ்லெக்ஸியாவின் சாயல் தெரிகிறது. நேரில் பரிசோதிக்காமல் அதற்கு மேல் சொல்லக்கூடாது. மாமியார் சொன்னதை வசவாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாகப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். டிஸ்லெக்ஸியா குடும்ப வழியில் வருவது அதிகம். அப்பாவும் எட்டாம் வகுப்போடு நின்றது இதனாலேயே இருக்கலாம். அவரை அன்றைக்கு யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். ‘ரெண்டு போட்டால்’ என்று சொல்கிறவரிடம், அவரைப் போட்டபோது வாசிப்பு வந்ததா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

இது நோய் இல்லை, ஆகவே மருந்தும் இல்லை. 1887ல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் ‘டிஸ்லெக்ஸியா’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1896ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், மற்றதிலெல்லாம் கெட்டிக்காரனான ஒரு பையனுக்கு வாசிப்பு மட்டும் வரவில்லை என்று எழுதினார். அப்போது பார்வைக் கோளாறு என்றே நினைத்தார்கள். இன்றைக்கு அந்தக் கருத்து போய்விட்டது, வியாபாரம் மட்டும் போகவில்லை. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றால் வாசிப்பு தேறும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009ல் சேர்ந்தே அறிக்கை விட்டன. கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்லும் ‘மூளை விழிப்பு’ வகுப்புகளுக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அபாகஸ் கெடுதல் இல்லை, அதற்கும் வாசிப்புக்கும் சம்பந்தமில்லை. வெண்டைக்காயும் வல்லாரையும் சாப்பாட்டுக்கு நல்லது, அத்தோடு சரி. விஜயதசமிக்குக் கூத்தனூர் போய் சரஸ்வதி சந்நிதியில் பேனா வைத்து வாருங்கள். வந்து அந்தப் பேனாவால் தினம் 20 நிமிடம் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

தினம் 20 நிமிடம், வாரம் 5 நாள். டியூஷனில் ஒரு மணி நேரத்தை வெட்டினால் இதற்கு இடம் கிடைக்கும். இரவு வேண்டாம், காலையில் வேனுக்கு முன்போ, மாலையில் விளையாடிவிட்டு வந்த பிறகோ. முதல் 3 நிமிடம் பழைய சீட்டுகள். அடுத்த 5 நிமிடம் புதுக் குறி ஒன்று, ஒன்றே ஒன்று. அடுத்த 5 நிமிடம் அந்தக் குறி வரும் சொற்கள். இன்னொரு 5 நிமிடம் வாசிப்பு. கடைசி 2 நிமிடம் நீங்கள் சொல்ல அவன் எழுதும் ஒரு வாக்கியம்.

உங்கள் மகனுக்குக் காலிலிருந்து தொடங்குங்கள். ஜோடிச் சொற்கள் வேண்டும்: படம்-பாடம், தடி-தாடி, மடு-மாடு, வடை-வாடை, பட்டு-பாட்டு. நீங்கள் சொல்லும்போது குறிலுக்கு மேசையில் ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்துத் தேய்த்தல். அவன் கேட்டு, தட்டி, பிறகு எழுத வேண்டும். தட்டில் நெல்லைப் பரப்பி ஆள்காட்டி விரலால் எழுதும் பழைய திண்ணைப் பள்ளி முறை இதற்கு அருமையாகப் பொருந்தும். எழுதும்போது ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். வாயை மூடிக்கொண்டு நெல்லில் எழுதினால் அது கோலம், வாசிப்பு இல்லை.

கால் படிந்த பிறகு ஒற்று. படம்-பட்டம், வடம்-வட்டம், பாடு-பாட்டு. ஒற்று வரும் இடத்தில் கையை முஷ்டியாக நிறுத்தச் சொல்லுங்கள்: ப-ட்-டம்.

கொம்பு மூன்றாவது. தமிழில் வாசிக்கிற பிள்ளைக்கு இது நியாயமான குழப்பம். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது அடுத்த எழுத்து. ‘கொ’வில் குறி இரண்டாக உடைந்து முன்னும் பின்னும் நிற்கிறது. ‘கௌ’வில் பின்னால் நிற்கும் குறி ‘ள’ மாதிரியே இருப்பதால் கௌதமன் ‘கெளதமன்’ ஆகிறான். கொம்பைச் சிவப்பிலும் காலைப் பச்சையிலும் எழுதுங்கள். ‘கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தைப் பார், அதற்குப் பின்னால் பச்சை நிற்கிறதா பார், பிறகு சொல்’ என்பது விதி. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள். ஒற்றையில் 10க்கு 9 சரியாகத் தொடர்ந்து மூன்று நாள் வந்த பிறகே இரட்டை.

உகர ஊகாரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். காலும் சுழியும் ஏறக்குறைய எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி ஒட்டும். கு, சு, து, மு, ரு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. 18 எழுத்துக்கு 36 வடிவம் படிய வேண்டும். பூ, மூ, தூ, கூ என்று புழக்கத்தில் அதிகம் வருவதிலிருந்து எடுங்கள். அச்சில் ‘ர’வும் காலும் ஒன்று போலத் தெரிவதால் ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று வாசித்தால் திட்ட வேண்டாம். ‘ர’வின் கீழே வால் போட்டு எழுதிக் காட்டுங்கள்.

வாசிப்புக்கு 60லிருந்து 80 சொல் உள்ள ஒரு பத்தி போதும். அதையே மூன்று முறை. தடுக்கினால் உடனே சொல்லிக்கொடுக்காமல் 5 வினாடி பொறுங்கள். பிறகு சொல்லை விரலால் மறைத்து ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் நீங்கள் சொல்லிவிட்டு நகருங்கள். முதல் வாசிப்புக்கும் மூன்றாவது வாசிப்புக்கும் ஆன நேரத்தைக் குறித்து அவனிடமே காட்டுங்கள். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையோடு ஒப்பிடாமல், நேற்றைய அவனோடு இன்றைய அவனை ஒப்பிடும் ஒரே வழி இது.

வீட்டில் இது கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்: முதல் வாரம் 20 நிமிடம், முன்னேற்றம் தெரிந்ததும் ஆசை வந்து இரண்டாம் வாரம் ஒன்றரை மணி நேரம், மூன்றாம் வாரம் அழுகை, நான்காம் வாரம் நிறுத்தம். 20 நிமிடம் ஆனதும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள்.

அவன் பள்ளியைப் பற்றி. நாலாம் வகுப்பில் இது வெளியே தெரிந்ததற்குக் காரணம் உண்டு. மூன்றாம் வகுப்பு வரை வாசிக்கக் கற்கிறார்கள். அதற்குமேல் அறிவியலையும் சமூக அறிவியலையும் வாசித்துத்தான் கற்க வேண்டும். வாசிப்பு வராதவனுக்கு எல்லாப் பாடமும் ஒரே நேரத்தில் சரியும். காலையில் வயிற்றுவலி, வகுப்பில் கோமாளித்தனம், ‘நோட்டை மறந்துட்டேன்’ என்ற பொய் எல்லாம் அதன் வால்கள். டீச்சரிடம் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, கரும்பலகையில் எழுதியதை அவன் எழுதி முடிக்காவிட்டால் போனில் படம் அனுப்புவது, அறிவியல், சமூக அறிவியல் மாதத் தேர்வில் சிலவற்றையாவது வாயால் கேட்டு மார்க் போடுவது. பத்து கேட்டால் ஒன்றும் நடக்காது. தயங்கினால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது என்று பணிவாக நினைவூட்டலாம். அங்கீகாரம் பெற்ற மெட்ரிக் பள்ளியும் அதில் அடங்கும். ஒரு வருஷம் அதே வகுப்பில் உட்கார வைப்பது தீர்வாகாது. வராத முறையிலேயே இரண்டாம் தடவை நடத்தினால் இரண்டாம் தடவையும் வராது.

தமிழ் மீடியத்துக்கு மாற்றினால் குறைபாடு போய்விடாது, கூடவே வரும். ஆனால் சுமை குறையும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஓரளவு ஒழுங்கானது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்து 40க்கும் மேற்பட்ட ஒலிகளை எழுதுகிறார்கள். ஒரே கூட்டெழுத்து சொல்லுக்குச் சொல் வேறாக ஒலிக்கிறது. டிஸ்லெக்ஸியா உள்ள தமிழ்ப் பிள்ளை சரியான பயிற்சியில் தமிழைத் தப்பில்லாமல், ஆனால் மெதுவாக வாசிக்கும் நிலைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் அதே நிலைக்கு வர இன்னும் நிறைய வருஷம் பிடிக்கும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை, பாடமும் விளங்கவில்லை என்றால், ஐந்தாம் வகுப்பில் சேரும்போது மாற்றுவது நல்ல முடிவாகவே தோன்றுகிறது. அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். சேர்க்கும் முன் நேரில் போய்ப் பார்த்து, அவர் அந்தப் பள்ளிக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். மாற்றுவதைத் தண்டனையாக அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி சான்றிதழ். அதற்கு 8 வயது முடிந்திருக்க வேண்டும், உங்கள் மகனுக்கு முடிந்துவிட்டது. சென்னைக்கு ஓட வேண்டாம். திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ தொடங்கலாம். எந்தக் கிழமை மருத்துவக் குழு கூடுகிறது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சம். நுண்ணறிவுத் தேர்வும், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுத் தேர்வும் எடுப்பார்கள். அந்தத் தேர்வில் 5-7 வயதுக்கு ஒரு நிலை, 8-12 வயதுக்கு ஒரு நிலை. கவனம், வாசிப்பு, எழுத்து, கணக்கு, நினைவு எல்லாம் அதில் பார்க்கப்படும். தனியாரிடம் எடுப்பதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். சான்றிதழ் என்னவோ அரசு மருத்துவமனையில்தான். ஒரே உட்காரலில் முடியாது, பிள்ளைக்குக் காலை ஆகாரம் கொடுத்து அழைத்துப் போங்கள். முடிவில் மதிப்பெண் தாளின் நகலையும், எந்தப் பகுதியில் எவ்வளவு பின்தங்கல் என்ற விளக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். ‘டிஸ்லெக்ஸியா’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு டீச்சரால் ஒன்றும் செய்ய முடியாது.

சான்றிதழ் பிள்ளைக்குக் கேடு செய்யாது. அதை எங்கே காட்டுவது என்பது உங்கள் கையில். சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அரசு உயர்கல்வியில் 5 சதவீத, அரசு வேலையில் 4 சதவீத மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கற்றல் குறைபாடும் சேரும். அதைவிட முதலில் கைகொடுப்பது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு: மாநிலப் பாடத்திட்டத்தில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று கேட்கலாம். பலர் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் மார்க்கைப் பார்த்துவிட்டு ஜனவரியில் ஓடுகிறார்கள்; மருத்துவக் குழு, பள்ளி, தேர்வுத்துறை என்று காகிதம் நகர்வதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்க வேண்டும். மொழி விலக்கை மட்டும் யோசித்துக் கேளுங்கள். பின்னால் சேர விரும்பும் படிப்புக்கோ வேலைக்கோ அந்த மொழி வேண்டுமா என்று பார்த்த பிறகு.

மகள் விஷயம். அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்தான், வந்தே தீரும் என்று இல்லை. யூகேஜியில் எழுத்தைத் திருப்பிப் போடுவது, ஆங்கிலச் சின்ன ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றுவது எல்லாம் வயசுக்கு உள்ளது, 7 வயதுவரை அதைக் குற்றமாகக் கொள்ளாதீர்கள். எழுதவைப்பதைவிட ஒலி விளையாட்டு அவளுக்கு உதவும். சோறு ஊட்டும்போது ‘கல், பல், இன்னும் என்ன?’ என்று கேளுங்கள். ‘ம-வில் தொடங்குவது வீட்டில் என்னென்ன இருக்கு?’ என்று தேடவிடுங்கள். ‘சட்டியில் ச-வை எடுத்தா?’ என்று கேட்டுச் சிரிக்கவையுங்கள். ஒன்றாம் வகுப்பு முடியும்போதும் ஒலி உடைப்பது வரவில்லை, எழுத்துப் பெயர் வாரத்துக்கு வாரம் மறந்துபோகிறது என்றால் இரண்டாம் வகுப்பிலேயே பள்ளியில் கூடுதல் பயிற்சியைத் தொடங்கச் சொல்லலாம். பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை, எட்டு வயது வரை காத்திருக்கவும் வேண்டாம்.

மகனுக்கு மூன்று மாதம் மேலே சொன்னபடி செய்து, அதே 10 சொல்லைத் திரும்பவும் டிக்டேஷன் கொடுங்கள். பழைய தாளும் புதுத் தாளும் வருகைப் பதிவும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். ஆறு மாதம் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் அந்தக் குறிப்பிட்ட தடங்கல் நீங்கவில்லை என்பதும் குறைபாட்டை உறுதிசெய்யும் அளவுகோல்களில் ஒன்று. தேதி போட்ட தாள் இல்லாவிட்டால் அதை உங்கள் வாய்வார்த்தையில்தான் நம்ப வேண்டியிருக்கும். கண், காது பரிசோதனைக்கு இந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய் வாருங்கள்.